கோர்ட்டுக்குத் தெரியாத விலாசம்

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
1932, ஆவணி

சிரஞ்சீவி மகன் தம்புசாமிக்கு அப்பா அய்யாவு ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் எட்டு மாடுகளும் முருகன் புண்ணியத்தில் நோய் நொடியில்லாமல் இருக்கிறோம். நாகப்பட்டினத்தில் நீயும் உன் பெண்சாதி புஷ்பவல்லியும் பிறந்த குழந்தையும் உன் மாமனார் வீட்டுச் சோற்றில் சௌக்கியமாக இருப்பீர்கள். பெண் குழந்தை என்று எழுதியிருந்தாய். பரவாயில்லை, இங்கே நம் பசு லெட்சுமியும் போன வெள்ளிக்கிழமை கிடேரிக் கன்றுதான் போட்டது, அதற்காவது நாளைக்குப் பால் உண்டு. குழந்தைக்கு வயிறு உப்பினால் வசம்பைச் சுட்டு உரசிக் கொடுங்கள், இங்கிலீஷ் மருந்து வேண்டாம்.

லெட்சுமி எங்கே கன்று போட்டது என்று கேட்பாய். உன் வீட்டு நடுவறையில். அந்த அறையில் நின்றுதான் உன் பெண்சாதி மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டு, மாமா, இந்தச் சாணி நாத்தம் கொடலப் பெரட்டுது, மாட்டையெல்லாம் வேற எங்கியாச்சும் ஓட்டிட்டுப் போங்க என்றாள். நீயும் பக்கத்தில் நின்று தலையாட்டினாய். அடேயப்பா, குடிக்கிறது கூழ், கொப்பளிக்கிறது பன்னீர்! அன்றைக்குக் கொட்டுகிற மழையில் எட்டு மாட்டையும் சாலாக் செலாத்தான் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய் மலாய்க்காரர் கம்பத்து ஊர் ஓரத்தில் கொட்டகை போட்டேனே, அந்த ஈரம் இன்னும் என் எலும்பில் இருக்கிறது. நான் மறக்கிறவனா? இப்போது மாடுகள் எல்லாம் உன் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன. அவள் சீராகக் கொண்டு வந்த பித்தளை அண்டாவில்தான் கழுநீர் காட்டுகிறேன்.

எப்படி என்றால் கேள். பிரசவத்துக்குப் போன பெண்சாதியைப் பார்க்க நீ கப்பல் ஏறிய மறு வாரமே உன் பேரில் கோர்ட்டில் பிராது கொடுத்துவிட்டேன். கிராண்டுப் பத்திரம் மகன் பெயரில் இருந்தாலும் வீடு வாங்கிய பணம் என்னுடையது, நான் பால் விற்ற காசு, பிள்ளை பெயரைச் சும்மா போட்டு வைத்தேன், இப்போது என்னையே வெளியே போ என்கிறான் என்று எழுதிக் கொடுத்தேன். நீ ரெயில்வே குமாஸ்தா சம்பளத்தில் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி வாங்கிய வீடு என்று எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். கோர்ட்டுக்குத்தான் தெரியாது. கோர்ட்டுக்குத் தானாக எதுவும் தெரியாது தம்பு, எதிரே வந்து நின்று எவன் சொல்லுகிறானோ அவன் சொன்னதுதான் அதற்குத் தெரியும். சம்மன் கொண்டு வந்த ஆள் உன் வீட்டுப் பூட்டின கதவைத் தட்டிவிட்டுத் திரும்பிப் போனான். மகன் இருக்கிற விலாசம் தெரிந்தால் சம்மனைக் கடல் தாண்டி அங்கே அனுப்பியாக வேண்டும், தெரியாவிட்டால் கதவில் ஒட்டினாலே அவன் கையில் கொடுத்த மாதிரிதான் என்றார் வக்கீல். அவரிடமும் எனக்குத் தெரியாது என்றேன். உன் கடுதாசிகளை மாட்டுத் தவிட்டு டின்னுக்குள் போட்டுவிட்டு, மகன் எங்கே போனான் என்று எனக்குத் தெரியவே தெரியாது என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டேன். சம்மனை ஒட்டினார்கள். மழையில் ஒரு மூலை பெயர்ந்து வந்தபோது நானே கஞ்சிப் பசை போட்டு மறுபடி ஒட்டி வைத்தேன், நம்மால் ஒரு குறை இருக்கக் கூடாது பார்.

கேஸ் அன்றைக்கு வராதே என்று சொல்லியும் உன் அம்மா பின்னாலேயே வந்துவிட்டாள். பியூன் வராந்தாவில் நின்று தம்புசாமி, தம்புசாமி, தம்புசாமி என்று மூன்று தரம் கூப்பிட்டான். ஐயோ எம்புள்ள என்று வாயெடுத்தாள், நான் திரும்பி ஒரு பார்வை பார்த்தேன், முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். உள்ளே வெள்ளைக்கார நீதிபதி கேட்கச் சொல்லித் துபாஷி என்னைக் கேட்டான், பெரியவரே, ஒங்க மகன் எங்க இருக்காருன்னு நெசமாவே ஒங்களுக்குத் தெரியாதா என்று. தெரிஞ்சா நான் ஏங்க இப்படி அனாதையா வந்து நிக்கிறேன் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நீதிபதிக்கே மனசு இளகிவிட்டது. பணம் கொடுத்ததைக் கண்ணால் பார்த்தேன் என்று பக்கத்து வீட்டு நாகையா சாட்சி சொன்னான், அவனுக்கு ஒரு காளைக்கன்று பேசியிருந்தேன். இல்லை என்று சொல்ல எதிரே ஆளில்லை, எக்ஸ்பார்ட்டியாகத் தீர்ப்பாகிவிட்டது. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் உன் அம்மா, பெத்த புள்ளைக்கே இப்படிச் செய்யலாமாங்க, நாகப்பட்டணத்துல இருக்கான்னு ஒரு வார்த்தை சொன்னா என்னா கொறஞ்சிடும் என்று அழுதுகொண்டே வந்தாள். அழட்டும். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாதது நான் செய்த பாக்கியம்.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், உனக்குத் தெரியாமல் போனால் எனக்கு அதில் என்ன சுகம்? இன்னொன்றும் கேட்டு வைத்திருக்கிறேன். சம்மன் உனக்கு வரவில்லை, அப்பன் விலாசம் தெரிந்தே மறைத்தான் என்று நீ வந்து காட்டினால் தீர்ப்பைத் தள்ளிவிட்டு முதலிலிருந்து விசாரிப்பார்களாம், பொய்ச் சத்தியம் செய்தவனை ஜெயிலில் போடுவார்களாம். அத்தாட்சிக்கு நீ எங்கும் அலைய வேண்டாம். இதோ உறை மேல் உன் விலாசம், உள்ளே என் எழுத்து. கொண்டு வந்து நீட்டு, வீடு உனக்கு, ஜெயில் எனக்கு. ஆனால் நீ செய்ய மாட்டாய். பத்து வயதில் தும்புக்கயிற்றால் உன் முதுகைக் கிழித்தேனே, வாத்தியார் சட்டையைத் தூக்கிப் பார்த்துக் கேட்டபோது மாடு முட்டிருச்சு சார் என்று சொன்ன பிள்ளை நீ. அன்றைக்கே உன்னை அளந்து வைத்துவிட்டேன். பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல் என்பார்கள். நம் வீட்டில் அது தலைகீழ், எனக்கு அதுவே சௌகரியம்.

திரும்பி வர டிக்கெட் எடுத்துப் பணத்தை வீணாக்காதே, வந்தாலும் இங்கே படுக்க இடமில்லை. மாமனாரிடம் மரியாதையாக நடந்துகொள், இனி அவர் வீடுதான் உனக்கு வீடு. குழந்தை நூறு வயது இருக்கட்டும், உன் அம்மா பெயரையே, வள்ளியம்மா என்று வையுங்கள், அவளுக்கு ஒரு சந்தோஷமாக இருக்கும். இந்தக் கடுதாசியைக் கிழித்துப் போட்டுவிடாதே, பத்திரமாக வைத்திரு.

இப்படிக்கு,
சத்தியக் கடுதாசியில் போட்ட அதே கையெழுத்துடன்,
உன்னைப் பெற்ற அப்பா,
மு. அய்யாவு