அம்பாசடரின் இரண்டு வெள்ளைக் கோடுகள்

வியாழன், சித்தூர்.

நாளை மச்சினர் மகள் கல்யாணம். திருப்பதியில் வாங்கிய என் பழைய அம்பாசடரில்தான் பெண்ணை சர்ச்சுக்கு அழைத்துப் போவதாக ஏற்பாடு. காலையிலிருந்து அது ஒழுங்காக ஓடவில்லை.

இன்ஜினின் முன்பக்கப் புல்லிச் சக்கரத்தில், தீப்பொறி எப்போது விழ வேண்டும் என்று காட்டும் டைமிங் குறி ஒன்று இருக்க வேண்டும். இரண்டு வெள்ளைக் கோடுகள் இருந்தன. ஒன்றுக்கு நேராக வைத்தால் இன்ஜின் தட்டியது. மற்றதற்கு வைத்தால் இழுவையே இல்லை. கடைசியில் வண்டியை விற்றவருக்கே போன் செய்தேன்.

"அது குறி இல்ல சார். ஆயுத பூஜைக்கு நான் வெச்ச நாமம். நடுவுல குங்குமம் இருந்துச்சே, போயிடுச்சா?"

போய்விட்டது என்றேன். கோடுகளுக்கு நடுவே மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தேன். கிரீஸுக்கு அடியில் சின்ன வெட்டு தெரிந்தது. அதுதான் அசல் குறி. டைமிங் லைட்டில் பளிச்சென்று தெரிய, என் மகளின் நெயில் பாலிஷை அதில் தடவினேன். அதற்கு நேராக வைத்ததும் இன்ஜின் சீராக ஓடியது.

மனைவி மெர்சி காபியோடு வந்து குனிந்து பார்த்தாள்.

"இன்னாங்க, இன்ஜினுக்கு நாமம் வெச்சிக்கினு இருக்கீங்க?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். நெயில் பாலிஷ் சிவப்பு.

"டைமிங் குறி," என்றேன்.

"இன்னா குறியோ. மொதல்ல பானெட்டை மூடுங்க, அண்ணன் வந்துக்கினு இருக்காரு."

பெண்ணின் அப்பாவான அவள் அண்ணன், சர்ச்சில் சபை மூப்பர். மூடிவிட்டேன்.

படுக்கும் முன் ஜெபித்தேன். நாளை வழியில் பானெட்டைத் திறக்கும்படி மட்டும் ஆகக் கூடாது.