எட்டாம் நம்பர் ஷூ

இன்று காலை அலமாரி மேலிருந்து அந்த அட்டைப்பெட்டியை இறக்கினேன். திறந்ததும் தோலும் ரப்பரும் கலந்த ஸ்டோர் ரூம் வாசனை. நண்பா, நீ ஒரு நாள்கூடப் போடாமல் திருப்பிக் கொடுத்த எட்டாம் நம்பர் சேஃப்டி ஷூ. ரிட்டயர் ஆகும்போது, எனக்குச் சேரவேண்டிய கடைசி ஜோடியாக இதையே எடுத்து வந்தேன்.

மூக்கண்டப்பள்ளி கம்பெனியில் நீ பிரஸ் மெஷின் முன்னால் நின்றாய், நான் ஸ்டோரில் உட்கார்ந்தேன். நம் இருவருக்கும் ஒரே அளவு கால். ஒரு நாள் பெட்டியோடு வந்து நின்றாய்.

"ஒரேய், கால் நுழையலடா. ஒம்போது குடு."

"ஐம்பத்தஞ்சு வயசுல கால் வளருதாடா உனக்கு?"

"நாளெல்லாம் நிக்கிற காலு வீங்காம இன்னா பண்ணும்?"

சிரித்துக்கொண்டே கொடுத்தேன். அடுத்த முறை பத்து கேட்டாய், அதையும் கொடுத்தேன், பாவி நான். நம் லைனில் எல்லோருக்கும் கால் வீங்கும், எல்லோரும் நம்பர் மாற்றிக்கொள்வார்கள். டாக்டரிடம் போ என்று ஒருத்தனும் சொல்லவில்லை. உனக்கு மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது இரண்டு கிட்னியும் போய்விட்டிருந்தது. நீ வீடு திரும்பவில்லை.

போன வருஷம் என் செருப்பு வார் காலில் பள்ளம் பதித்தது. "வயசாச்சுல்ல, வீங்கத்தான் செய்யும்" என்றாள் மனைவி. எனக்கு உன் முகம்தான் வந்தது. மறுநாளே ஓசூரில் டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்தேன். சிறுநீரில் புரதம் கொட்டுகிறது என்றார். கிட்னியில் ஊசி குத்திச் சதை எடுப்பீர்களா என்றுதான் முதலில் கேட்டேன்.

"முதல்ல ரத்தத்தைப் பாப்போங்கய்யா. நோயை எதிர்க்கவேண்டிய எதிர்ப்பொருள் சிலருக்குத் தடம் மாறி, கிட்னியோட வடிகட்டியையே தாக்கும். அது ரத்தத்துல தெரிஞ்சிட்டா உங்களுக்கு ஊசி வேணாம்."

தெரிந்தது. இந்த வயதில் ஊசியில்லாமல் தப்பித்தேன். மருந்து ஆரம்பித்தார். உனக்கு வந்ததும் இதே நோய்தானா என்று எனக்குத் தெரியாது. டாக்டரைப் பார்க்கவேண்டிய நேரத்தில் நாம் ஷூ பார்த்துக்கொண்டிருந்தோம்டா.

இன்று மூன்றாவது ரிப்போர்ட் வாங்கும் நாள். டாக்டரம்மா தாளைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "எதிர்ப்பொருள் நல்லா எறங்கியிருக்குங்கய்யா. புரதமும் கொறையுது. மருந்தை மட்டும் விட்டுடாதீங்க."

வரும் வழியில் டீக்கடையில், கம்பெனி யூனிபார்மில் ஒருவர் ஷூ கயிற்றைத் தளர்த்திக்கொண்டிருந்தார். கணுக்காலில் சாக்ஸ் தடம் ஆழமாக இருந்தது. அறிமுகம் இல்லாதவர்தான், ஆனாலும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"பெரிய நம்பர் அப்பறம் வாங்கலாம் சார். நாளைக்கே யூரினும் ரத்தமும் குடுத்துட்டு வாங்க."

ஒரு மாதிரியாகப் பார்த்தார். உன் கதையைச் சொன்னேன். போகிறேன் என்றார்.

வீட்டுக்கு வந்து உன் ஷூவில் கால் விட்டேன். நுழைந்தது. கயிற்றைக் கடைசித் துளை வரை இழுத்துக் கட்டிக்கொண்டு இதை எழுதுகிறேன்.