சுத்தமான ஒரு தேதி

பிப்ரவரி 18

இன்று புளூட்டோ. 1930-இல் இதே நாளில்தான் கண்டுபிடித்தார்கள். காலைச் செய்தி முடிந்ததும் எனக்கென்று வானொலியில் ஒதுக்கியிருக்கும் சில நிமிடங்களில் அதைச் சொல்லிவிட்டு, "பிற்பாடு இதைக் கோள்கள் வரிசையிலிருந்து தள்ளிவைத்த கதை ஆகஸ்டில் வரும், அதுவரை யாரும் புளூட்டோவிடம் சொல்லிவிட வேண்டாம்" என்று முடித்தேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மேலாளர் சிரித்தார். அவர் சிரித்தால் அந்த வாரம் நல்ல வாரம்.

'இதே நாளில்' நிகழ்ச்சியை ஆரம்பித்தபோது எனக்குத் தலையில் முடி இருந்தது. இப்போது தலைக்குள் தேதிகள்தான் இருக்கின்றன.

வீட்டில் ஒரே பரபரப்பு. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டிலிருந்து தேதி பேச வருகிறார்கள். மாப்பிள்ளை வீடு என்றால் பையனும் அவன் அம்மாவும், அவ்வளவுதான். பையன் சரக்குக் கப்பலில் என்ஜினியர். கப்பலில் மூக்குக்கண்ணாடியை உடைத்துக்கொண்டு, கரை இறங்கியதும் என் மகள் வேலை செய்யும் கண்ணாடிக் கடைக்கு வந்தான். ஒரு கண்ணாடியை வாங்கிக்கொண்டு, மூக்கில் சரியாக உட்காரவில்லை என்று யாராவது வாராவாரம் வருவார்களா? அவன் வந்தான். மகளும் ஒவ்வொரு தடவையும் முகத்தை நிமிர்த்திப் பார்த்துச் சரிசெய்து கொடுத்திருக்கிறாள். அப்புறம் என்ன.

அவன் அம்மா பேக்கரி நடத்துகிறார். என் வீட்டுக்காரி இவள் கண்டிஷன் போட்டுவிட்டாள். "ஞாயித்துக்கிழமை நீங்க வாயைத் திறந்தா, சாப்பிட மட்டும்தான் திறக்கணும்." தபால் ஆபீஸ் கவுன்ட்டரில் இருப்பவள். எதையும் ஒரே முத்திரையில் முடித்துவிடுவாள்.

பிப்ரவரி 22

திறந்துவிட்டேன்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அந்த அம்மா தானே சுட்ட கேக் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். மகள் கொஞ்சம் வெட்கப்பட்டாள், நிறைய சிரித்தாள். பையன் கேட்டான், "ஜூன்லதான் எனக்குக் கப்பல். ஏப்ரல் பதினஞ்சு எல்லாருக்கும் தோதா இருக்குமா?" எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். தலை ஆடிக்கொண்டிருக்கும்போதே வாய் தன்பாட்டுக்கு—

"ஏப்ரல் பதினஞ்சு, டைட்டானிக் முழுகின நாள்."

குடித்துக்கொண்டிருந்த டீ அப்படியே நின்றது. யாரிடம் சொல்கிறேன்? கப்பலில் வேலை செய்கிறவனின் அம்மாவிடம்.

பையன் பாவம், சமாளிக்கப் பார்த்தான். "அது பழைய காலத்துக் கப்பல் மாமா. இப்பல்லாம் முழுகாது."

"அதையும் முழுகாதுன்னுதான் சொன்னாங்க."

இதைச் சொன்னதும் நானேதான். மேசைக்கு அடியில் இவள் என் காலை மிதித்தது இரண்டாவது வாக்கியத்துக்கு அப்புறம்தான். முதல் வாக்கியத்துக்கே மிதித்திருக்கலாம்.

அந்த அம்மா கோப்பையைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். "வேற தேதி பார்க்கலாம் சம்பந்தி" என்றார். சம்பந்தி என்று சொன்னாரே, அது ஒன்றுதான் ஆறுதல்.

பிப்ரவரி 23

மகள் பேசவில்லை. இவள் பேசுகிறாள். எது தேவலை என்று தெரியவில்லை.

பிப்ரவரி 27

மேலாளரிடம் சொன்னேன். மனிதர் நாற்காலியோடு சேர்ந்து சிரித்தார். "வாயை வாடகைக்கு விட்டுப் பிழைக்கறவர் நீங்க. வீட்டுக்குப் போனா பூட்டி வைக்க வேண்டாமா?" என்றார். பிறகு உருப்படியாக ஒன்று சொன்னார்: "கெடுத்தது தேதி. நல்ல தேதியா ஒண்ணு எடுத்துக் குடுத்துச் சரிபண்ணுங்க. அதுதானே உங்க தொழில்."

அதானே.

மார்ச் 2

மே 6. 1954-இல் இதே நாளில்தான் முதன்முறையாக ஒரு மனிதன் ஒரு மைல் தூரத்தை நான்கு நிமிடத்துக்குள் ஓடிக் காட்டினான். ஆகாது, முடியாது என்று ஊரே சொன்ன காரியம். கல்யாணத்துக்கு இதைவிடப் பொருத்தமான நாள் உண்டா? மகளிடம் சொன்னேன். ஒரு வாரத்துக்குப் பிறகு இன்றுதான் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். அவளே போன் போட்டுப் பேக்கரிக்குச் சொன்னாள்.

சாயங்காலம் அந்த அம்மாவிடமிருந்து எனக்கே போன்.

"சம்பந்தி, மே ஆறுன்னீங்களாமே. அன்னைக்குத்தானே அந்தப் பெரிய ஆகாயக் கப்பல் தீப்பிடிச்சது?"

1937, ஹிண்டன்பர்க். எனக்குத் தெரியும். நான் சொல்லாமல் விட்டது. அவருக்கு எப்படித் தெரிந்தது?

"அது வானத்துல போற கப்பல்ங்க. பலூன் மாதிரி."

"வானத்துல போனா என்ன, பேர் கப்பல்தானே."

கேட்டேன், எங்கே படித்தீர்கள் என்று. "போன வருஷம் நீங்கதான் ரேடியோல சொன்னீங்க" என்றார்.

மார்ச் 5

சாப்பாட்டு மேசை முழுக்கப் புத்தகம். இவளும் உட்கார்ந்துவிட்டாள். அவள் தேதி சொல்வாள், நான் தீர்ப்புச் சொல்வேன்.

"மே இருபத்தொன்பது?"

"எவரெஸ்ட் உச்சியில முதல்ல ஏறின நாள்."

"அப்பாடா."

"அதே தேதியில 1914-ல ஒரு பயணிகள் கப்பல் ஆத்துல முழுகிச்சு."

"மே ஏழு?"

"வேண்டாம். போர்க்காலத்துல ஒரு பெரிய கப்பலைத் தண்ணிக்கடியில குண்டு விட்டுக் கவுத்தாங்க."

இவள் பேனாவைக் கீழே போட்டாள். "ஏங்க, கடல்ல தண்ணி இருக்கா, இல்ல கப்பலாவே இருக்கா?"

எங்கள் கல்யாணத் தேதியில் என்ன நடந்தது என்று கேட்டாள். தெரியும். ஒன்றும் நடக்கவில்லை என்றேன். "நல்ல பொய்" என்று சொல்லிவிட்டு அடுப்பை அணைக்கப் போனாள்.

மார்ச் 10

1876-இல் இன்றுதான் டெலிபோனில் முதல் குரல் கேட்டது. காலையில் குதூகலமாக வாசித்துவிட்டு வந்தேன். மத்தியானம் எங்கள் வீட்டு டெலிபோன் அடித்தது.

பையன்தான். கம்பெனியிலிருந்து தகவல் வந்ததாம். கப்பல் ஜூனில் இல்லையாம், ஏப்ரல் மூன்றாம் வாரமே கிளம்புகிறதாம். இதைக் கேட்டதும் அவன் அம்மா, அப்படியானால் கல்யாணத்தை அவன் திரும்பி வந்த பிறகே வைத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் இந்தத் தடவை அவன் போகாமலே இருந்துவிடட்டும் என்று சொல்லியிருக்கிறார். அவன் அம்மாவுக்கும் என் மகளுக்கும் நடுவில் நின்று முழிக்கிறான்.

மகள் கடையிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அழுதாள். திட்டினால் தாங்கிக்கொள்வேன், அழுதால் என்ன செய்ய?

"அப்பா, உங்களுக்குத் தெரியாத நாள்னு ஒண்ணு இருந்தா சொல்லுங்க. அன்னைக்கே கட்டிக்கறேன்."

எனக்கு என்னடா வேலை அந்த டைட்டானிக்கோட? நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு அது முழுகி. சும்மா கிடந்ததைத் தூக்கிட்டு வந்து என் வீட்டு மேசை மேல வெச்சவன் நான்தானே. ஆனாலும்— ஒன்று உறுத்துகிறது. தேதிதான் பிரச்சினை என்றால், 'இந்தத் தடவை போகாமலே இருக்கட்டும்' என்று எதற்குச் சொல்ல வேண்டும்?

மார்ச் 13

பேக்கரிக்குப் போனேன். மத்தியானத்துக்கு மேல், அடுப்பு ஆறிக்கொண்டிருக்கிற நேரம். உள்ளே வெதுவெதுப்பாக, வெண்ணெய் வாசனையாக இருந்தது. அந்த அம்மா முழங்கைவரை மாவோடு மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ரொட்டியா, தேதியா?"

"ரெண்டும்."

சிரித்துவிட்டார். ஸ்டூலைத் தள்ளிப் போட்டார். பேச வேண்டியதையெல்லாம் வழியெல்லாம் ஒத்திகை பார்த்துப் போயிருந்தேன். ஆரம்பிப்பதற்குள் அவர் ஆரம்பித்தார்.

"உங்க நிகழ்ச்சியை நான் ஒரு நாள்கூட விட்டதில்லை, தெரியுமா? மாவு பிசையறப்ப கேப்பேன். எங்க அண்ணனும் கப்பல்லதான் இருந்தான். ஒரு துறைமுகத்துல கிளம்பினாங்க. அடுத்த துறைமுகத்துக்குப் போய்ச் சேரலை. நடுவுல என்னைக்கு, எங்கன்னு யாருக்கும் தெரியாது. உங்க டைட்டானிக்குத் தேதி இருக்கு, மணி இருக்கு. எங்க அண்ணனுக்கு ஒரு தேதி கிடையாது. இருந்திருந்தா அந்த ஒரு நாளை ஒதுக்கி வெச்சுட்டு மிச்ச நாளெல்லாம் நிம்மதியா இருந்திருப்பேன். இல்லாததால எல்லா நாள் மேலயும் சந்தேகம்."

மைக் முன்னால் உட்கார்ந்து இத்தனை வருடம் பேசியவன். கேட்டது இது ஒன்றுதான்.

"மாப்பிள்ளைக்குத் தெரியுமா?"

"மாமாவைப் பத்தித் தெரியும். எனக்கு இவ்வளவு பயம்னு தெரியாது. சொன்னா போக மாட்டான் சம்பந்தி. போகலைன்னா அவன் அவனா இருக்க மாட்டான். ரெண்டும் தெரியுது. அதான் தேதியைப் பிடிச்சுத் தொங்கிட்டிருக்கேன். கல்யாணம் தள்ளிப்போனா கப்பலும் தள்ளிப்போகாதான்னு ஒரு நப்பாசை."

ஒத்திகை பார்த்ததெல்லாம் போய்விட்டது. தெரிந்ததை மட்டும் சொன்னேன்.

"சுத்தமான தேதின்னு ஒண்ணு இல்லை சம்பந்தி. நான் தேடாத தேடலா? எந்த நாளை எடுத்தாலும் எங்கயோ ஒரு கப்பல் முழுகியிருக்கும். அதே நாள்ல எத்தனையோ கப்பல் பத்திரமா வந்தும் சேர்ந்திருக்கும். வந்து சேர்ந்ததை யாரும் எழுதி வைக்கறதில்லை. அதனால நான் அதை ரேடியோல சொன்னதே இல்லை."

அவர் மேசையைத் துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார். "நீங்க ஒரு வாய்ல எத்தனை பேச்சு வெச்சிருக்கீங்க" என்றார். கண்ணைத் துடைத்ததில் புருவத்தில் மாவு ஒட்டிக்கொண்டது.

"பயமா இருக்குன்னு மட்டும் மாப்பிள்ளைகிட்ட சொல்லிடுங்க. போகாதேன்னு சொல்ல வேண்டாம்."

ரொட்டியைச் சுற்றிக் கொடுத்தார். இன்னும் சூடாக இருந்தது. வீடு வருவதற்குள் பாதியை நானே தின்றுவிட்டேன்.

மார்ச் 14

காலையிலேயே மகளுக்குப் போன் வந்தது. மாமியாரும் மருமகளும் அரை மணி நேரம் பேசினார்கள். கதவைச் சாத்திக்கொண்டு. வெளியே வந்தவள், மாப்பிள்ளையிடம் அவர் பயத்தைச் சொல்லிவிட்டாராம் என்றாள். பிறகு, "ஏப்ரல் ஒன்பது. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல அன்னைக்குத்தான் காலியா இருக்காம்" என்றாள்.

என்னைப் பார்த்தாள். இவளும் பார்த்தாள். வாயை இறுக்கமாக மூடிக்கொண்டேன். இருவரும் சிரித்தார்கள்.

ஏப்ரல் 9

கல்யாணம் நடந்தது. பெயர் எழுதும்போது மாப்பிள்ளையின் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவியது. மகள், பழக்கதோஷம், தூக்கிச் சரிசெய்துவிட்டாள். பதிவாளர் அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சம்பந்தியம்மா மாடி மாடியாக கேக் செய்திருந்தார். ரிஜிஸ்டர் ஆபீஸில் வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் கொடுத்தார். எங்களுக்கு அடுத்து நின்ற ஜோடி, தங்களுடைய போட்டோவிலும் அதே கேக்கை வைத்து எடுத்துக்கொண்டது.

இன்று லீவு. என் இடத்தில் மேலாளரே வாசித்தார். இந்தத் தேதியில் என்னென்ன நடந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். இங்கேகூட எழுதப் போவதில்லை.

ஏப்ரல் 20

கப்பல் கிளம்பியது. நாங்கள் மூவரும் துறைமுகத்துக்குப் போனோம். சம்பந்தியம்மா வரவில்லை. அடுப்பை விட்டு வர முடியாது என்றார். மாப்பிள்ளை விடியும் முன்பே பேக்கரிக்குப் போய் அவருக்கு மாவு மூட்டைகளை இறக்கி வைத்துவிட்டுத்தான் வந்தானாம். தினமும் ஒரு வார்த்தையாவது அனுப்புவதாகப் பேச்சு.

மகள் கையாட்டிக்கொண்டே இருந்தாள். கப்பல் தீப்பெட்டி அளவு ஆன பிறகும்.

ஜூன் 16

1963-இல் இன்று, முதல் பெண் விண்வெளிக்குப் போனார். என் மகள் இன்று முதன்முதலாகத் தனியாக ரொட்டி சுட்டாள். மாமியார் வீட்டில்தான் இருக்கிறாள் இப்போது. ரொட்டியைக் கொடுத்தனுப்பியிருந்தாள். கத்தி இறங்கவில்லை. கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க அதை முட்டுக் கொடுத்திருக்கிறாள் இவள்.

மாப்பிள்ளையிடமிருந்து தினமும் செய்தி வருகிறது. "சாப்பிட்டேன், என்ஜின் நலம்." அவ்வளவுதான். அம்மாவுக்கும் பொண்டாட்டிக்கும் ஒரே செய்தி. சிக்கனக்காரன்.

அக்டோபர் 4

காலையில் ஸ்புட்னிக், முதல் செயற்கைக்கோள். முடித்த கையோடு ஓடினேன், கப்பல் பத்து மணிக்குக் கரை சேர்கிறது.

துறைமுக வாசலில் சம்பந்தியம்மா எங்களுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டிருந்தார். நல்ல உடை, கையில் இரண்டு பெரிய பைகள் நிறைய பன். பேக்கரி? "பூட்டிட்டேன்" என்றார்.

கப்பல் நெருங்க நெருங்க அவர் என் மகளின் கையைப் பிடித்த பிடியில், அவள் வளையல் உடையுமோ என்று பார்த்தேன். மாப்பிள்ளை கருத்து, மெலிந்து, தாடியோடு இறங்கி வந்தான். அம்மாவை அங்கே பார்த்ததும் பாதிப் படியில் நின்றுவிட்டான். பின்னால் வந்தவர்கள் அவன் மேல் மோதினார்கள்.

கட்டிப்பிடித்து அழுவார் என்று நினைத்தேன். அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "உள்ள போய்ப் பார்க்கலாமா?" என்று கேட்டார். கேப்டனிடம் அனுமதி வாங்கினான். ஆடும் படியில் ஒரு கையால் கம்பியைப் பிடித்து, கீழே தண்ணீரைப் பார்க்காமல் ஏறினார். என்ஜின் அறையைக் காட்டினான், தலையாட்டினார். அவன் தூங்கும் இடத்தைக் காட்டினான். போர்வையை ஒழுங்காக மடித்து வைத்தார். கடைசியாகச் சமையலறை. அங்கே மேசைமேல் இருந்த ரொட்டியை எடுத்து, அழுத்தி, முகர்ந்து பார்த்தார்.

"இதையா இத்தனை மாசம் தின்னே?"

சமையல்காரர், நல்ல உயரம், அவர் முன்னால் குறுகிப்போய் நின்றார். மாவு எவ்வளவு நேரம் ஊறுகிறது என்று விசாரணை நடந்தது. நாங்கள் கிளம்பலாம் என்று இருந்தோம். சம்பந்தியம்மா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டிருந்தார்.

"நீங்க முன்னாடி போங்க சம்பந்தி. நான் இவருக்கு ஒரு தடவை பிசைஞ்சு காட்டிட்டு வர்றேன்."