ஹெம்ஸ்லி அல்ல, எம்ஸ்லி

அப்பா,

“பள்ளிக்கூடத்தையே பாதியில விட்டவ நீ. பழைய சர்ச் பதிவேட்டப் படிச்சுக் கிழிச்சிடுவியாக்கும்?” என்று நேற்றுக் கேட்டீர்களே, படித்துவிட்டேன்.

நம் மூதாதை ஜேபஸின் திருமணம் கிடைத்துவிட்டது, 1847. பதினோரு வருடமாக நம் குடும்பப் பெயரை ‘ஹெம்ஸ்லி’ என்றே தேடினீர்கள். யார்க்‌ஷரில் நம்மில் யார் ‘ஹ’ சொல்கிறோம்? அவர் ‘எம்ஸ்லி’ என்றிருக்கிறார். பாதிரியார் காதில் விழுந்ததை எழுதிவிட்டார். திருத்தச் சொல்ல ஜேபஸுக்கு எழுத்துத் தெரியாது. கையெழுத்துக்குப் பதில் பெருக்கல் குறிதான்.

நான் கண்டுபிடித்தால் உங்கள் தாள்களையெல்லாம் அடுப்பில் போடுவதாகச் சொன்னீர்களே, அப்படிப் போட்டுவிடாதீர்கள், அப்பா. நான் பிரதி எடுத்தது அவற்றின் மேலே இருக்கிறது.

கறியும் உருளைக்கிழங்கும் சூடாக்கிச் சாப்பிடுங்கள்.

டாம்சின்

பி.கு.: எழுப்பிச் சொல்ல ஆசைதான். உங்கள் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. எழுதி வைத்துவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்புகிறேன்.