சனிக்கிழமை அம்மா வருகிறாள், உனக்கு ஒன்றும் தெரியாது

தொங்யொங்,
நவம்பர் 19, புதன்

அன்பு மகள் நாரேக்கு அப்பா எழுதுவது. இங்கே அம்மா நலம், கடை நலம், கடையில் விற்காமல் கிடக்கிற மூக்குக்கண்ணாடிகளும் நலம். என் நலம் மட்டும் பரிசோதனை முடிவு வந்தால்தான் தெரியும். உன் நலத்தைக் கேட்பதற்கு முன்னால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. நேற்றுக் காலை, பின்பக்கம் ஓட்டை வைத்துத் தைத்த ஆஸ்பத்திரிக் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தபோது, நீ இந்த செமஸ்டருக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டதை உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். கால்சட்டை பற்றி எனக்கு வெட்கமில்லை, ஊரில் ஐம்பதைத் தாண்டிய பாதிப் பேர் அதைப் போட்டவர்கள்தான். மற்றதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீ வைத்துவிடுவாய், செய்தி அனுப்பினால் அம்மா என் போனை எடுத்துப் பார்ப்பாள். விரைவுத் தபாலில் போட்டால் வெள்ளிக்கிழமைக்குள் சியோலுக்கு வந்துவிடும் என்றார்கள். வந்தாக வேண்டும், ஏனென்றால் சனிக்கிழமை முதல் பஸ்ஸில் அம்மா உன் அறைக்குப் புறப்படுகிறாள்.

நடந்தது இதுதான். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை அரசாங்கம் பார்க்கச் சொல்லும் உடம்புப் பரிசோதனையை எல்லாரையும் போல நானும் நவம்பர் வரை தள்ளிப்போட்டிருந்தேன். இந்தத் தடவை வயிறு, குடல் இரண்டுக்குள்ளும் குழாய் விட்டுப் பார்ப்பது என்று முடிவானது. தூக்க மருந்து கொடுத்துப் பார்ப்பதானால் கூட ஒரு ஆள் வந்து கையெழுத்துப் போட வேண்டும், அதனால் அம்மா வந்தாள். எனக்கு முதலிலிருந்தே பயம். குழாய்க்கு இல்லை, வாய்க்கு. நெத்திலிக் கருவாட்டுக் கடைக்காரர் ஓம் போன மாதம் இதே ஆஸ்பத்திரியில் தூக்க மருந்தில் உளறி, முப்பது வருஷமாகப் பெண்டாட்டி வைக்கிற கடற்பாசி சூப்பை மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் குடிப்பதாக நர்ஸிடம் சொல்லியிருக்கிறார். அன்றையிலிருந்து அந்த வீட்டில் சூப்பே கிடையாது. எந்த வீட்டிலும் பிறந்தநாளுக்குத் தப்பாத சூப், அவர் பிறந்தநாளுக்குக்கூட வைக்கவில்லை. நான் அப்படி எதுவும் உளறக் கூடாதென்று உதட்டை இறுக்கிக்கொண்டு படுத்திருந்தேன். நர்ஸ் கையில் ஊசி குத்தி பாட்டிலைத் தொங்கவிட்டு, கொஞ்ச நேரம் படுத்திருங்கள், கூப்பிடுகிறோம் என்று திரையை இழுத்துவிட்டுப் போனாள். சொட்டு இறங்க இறங்க உடம்பு பஞ்சாகிக்கொண்டே வந்தது. அந்த நேரம் பார்த்து அம்மா, என் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு, தன்னோடு நீச்சல் வகுப்புக்கு வரும் பெண்கள் சொன்னார்களென்று ஒரு முழுக் கருப்பாட்டை வாங்கிச் சாறு காய்ச்சுகிறவரிடம் கொடுத்திருப்பதாகவும், பேரீச்சையும் இஞ்சியும் போட்டு வேளைக்கு ஒன்றாக எண்பது பை வருமென்றும், நாரே அதைக் குடித்தால் கடைசிப் பரீட்சையை ஒரு கை பார்த்துவிடுவாள் என்றும் சொன்னாள். "பரீட்சையே இல்லாதவளுக்கு எதுக்கு ஆடு" என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான். அப்புறம் நிற்கவில்லை. அக்டோபரில் நீ சுரங்க ரயில் படிக்கட்டில் மயங்கி விழுந்தது, ரத்தம் குறைவென்று மாத்திரை எழுதிக் கொடுத்தது, ராத்திரியில் இரண்டு மணி நேரம்கூடத் தூங்காமல் இருந்தது, கல்லூரி கவுன்சலிங் அறையில் ஒரு செமஸ்டர் ஓய்வெடு என்று சொன்னது, அம்மாவிடம் சொல்லாதே என்று நீ அழுதது வரை எல்லாம் வந்துவிட்டது. பிறகு என்னை உள்ளே உருட்டிக்கொண்டு போனார்கள்.

விழித்தபோது பக்கத்தில் அம்மா இல்லை. ஈரலில் கொழுப்பு, குடியை விடு, நட என்று டாக்டர் சொன்னார். குடலில் இரண்டு சின்னச் சதையை வெட்டிச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார், பயப்பட ஒன்றுமில்லையாம். அம்மா எதிர்க் கடையில் எனக்கும் சேர்த்துக் கஞ்சி சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தாள். திட்டுவாள் என்று பார்த்தேன். "கல்யாணம் ஆனதுலேர்ந்து இன்னிக்குத்தான் நாரே அப்பா உருப்படியா ஒரு விஷயம் பேசியிருக்கீங்க, அதுவும் மருந்து ஏத்தினப்புறம்" என்று மட்டும் சொன்னாள். பாதிக் கஞ்சியைக் குடித்தாள். பிறகு, "படியில விழுந்தாளே, யாரு தூக்கிவிட்டது" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. "அதக்கூடவா கேக்கல நீங்க" என்று கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். நாரே, ஆறு வாரமாக உன்னிடம் தினமும் பேசுகிறேன், என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன், கண்ணாடி பவர் சரியாக இருக்கிறதா என்றுகூடக் கேட்டேன். அதைக் கேட்கவில்லை. கண்ணாடிக் கடைக்காரன் புத்தி அவ்வளவுதான்.

அம்மாவின் திட்டம் இது. அவள் வருவாள், ஆனால் அவளுக்கு ஒன்றும் தெரியாது. "நானா கேக்க மாட்டேன். அவளாச் சொன்னா கேட்டுக்கறேன், சொல்லலைன்னா ஆட்டையும் கிம்ச்சியையும் வச்சிட்டு வந்துடறேன். நீங்க அவகிட்ட மூச்சு விடக் கூடாது" என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். ஆக இரண்டு நாளில் இரண்டு பேருக்குக் கொடுத்த வாக்கை உடைத்திருக்கிறேன். அம்மாவுக்குத் தெரியாது என்று அம்மா நடிப்பாள், அவளுக்குத் தெரியுமென்று உனக்குத் தெரியாததுபோல நீ நடிக்க வேண்டும், எனக்கு ஒன்றுமே தெரியாது. என் பயம் வேறு. இதைப் படித்ததும் நீ பையைத் தூக்கிக்கொண்டு சிநேகிதி அறைக்குப் போய்விடுவாயோ என்பதுதான். போகாதே. கதவைத் திற. திறக்காவிட்டால் அவள் திரும்பி வர மாட்டாள், அந்த நான்காவது மாடிப் படியில் எண்பது பை ஆட்டை மடியில் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வரை உட்கார்ந்திருப்பாள், அவளுடைய முழங்காலைப் பற்றி உனக்குத் தெரியும். என் மேல் கோபமென்றால் என்னோடு பேசாமல் இரு, அதைத் தாங்கிக்கொள்வேன். சொல்ல வேண்டுமென்று தோன்றினால் அவள் உன் குளிர்பெட்டியைத் துடைத்து முடித்த பிறகு சொல், அந்த நேரத்தில் அவளுக்கு யார் மேலும் கோபம் வராது.

உடம்பு விஷயம் நாலு வார்த்தை. ஈரல் கெட்டவன் சொல்கிறானே என்று பார்க்காதே. கடையில் கடற்பாசித் தாளில் சுற்றி விற்கிற முக்கோணச் சோறு சாப்பாடு ஆகாது, இரண்டு தின்றாலும் அது இரண்டு நொறுக்குத் தீனிதான். இரும்பு மாத்திரையைக் காப்பியோடு போடாதே, உடம்பில் ஒட்டாதாம். ஆட்டுச் சாற்றையும் அதோடு குடிக்கலாமா என்று டாக்டரைக் கேள், நீச்சல் வகுப்பைக் கேட்காதே. படுக்கும்போது போனைச் செருப்பு அலமாரியில் வை, எழுந்து போய் எடுக்கச் சோம்பலாக இருந்தால் தூக்கம் வந்துவிட்டது என்று அர்த்தம். பகலில் அரை மணி நேரம் வெயிலில் நட. நானும் இன்று நடக்க ஆரம்பித்திருக்கிறேன். பொரித்த கோழிக் கடை வரை போய்த் திரும்பினேன், திரும்பும்போது கை காலியாக இல்லை. கொஞ்சம் தேறியதும் கவுன்சலிங்கை நிறுத்திவிடாதே. கண்ணாடி போட்டு நன்றாகத் தெரிகிறதே என்று யாரும் கண்ணாடியைக் கழற்றி எறிவதில்லை. ஒரு செமஸ்டர் போனால் போகிறது, நீ விழாமல் இருந்தால் போதும்.

நன்றாகத் தூங்கு, நன்றாகச் சாப்பிடு, உன் முகத்தில் பழைய ரத்தம் ஏறட்டும் என்று நானும் வாய்விட்டுச் சொல்லாத அம்மாவும் வாழ்த்துகிறோம். படியில் உன்னைத் தூக்கிவிட்டது யாரென்று அம்மாவிடம் மறக்காமல் சொல். தெரிந்த ஆளாக இருந்தால் பாதி ஆட்டை அவர்களுக்குக் கொடுத்துவிடு.

கதவு திறக்கும் என்று நம்பும்,
உன் அப்பா
பாங் கி-சொப்

பி.கு. மறந்து வைத்த குடையை எடுக்க இன்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். மருந்து கொஞ்சம் அதிகமாகிவிட்டதோ, வாய் நிற்கவே இல்லையே என்று அந்த நர்ஸைக் கேட்டேன். "வெளிய கட்டில்ல ஏத்தினது வெறும் உப்புத் தண்ணிங்கய்யா, தூக்க மருந்து உங்கள உள்ள கொண்டுபோனப்புறம்தான் போட்டோம்" என்றாள்.