மீராவும்மாவுக்கு மட்டும் விளங்கிய உன் பேச்சு

என் சுலைஹாவுக்கு, ஸலாம். அல்லாஹ் உன் கபுறுக்குழியை வெளிச்சமாக்கி வைக்கட்டும்.

எனக்கு எழுத்துத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல நம் மகள் பரீதாதான் எழுதுகிறாள். நடுவில் பேனையை நிறுத்தி, "வாப்பா, இதையும் எழுதவா?" என்கிறாள். எழுது என்றுதான் சொல்கிறேன். மறைத்து என்ன ஆகப்போகிறது? உன் சிநேகிதி மீராவும்மா மேல் எனக்கு எரிச்சல். உன்னை அடக்கி இரண்டு நோன்பு வந்து போய்விட்டது, எரிச்சல் போகவில்லை.

மருதமுனைக்கு உன் வீட்டு மாப்பிள்ளையாக நான் வந்த முதல் கிழமையே அது தொடங்கிவிட்டது. கொட்டிலுக்குள் இரண்டு தறி. ஒன்றில் நீ, மற்றதில் பக்கத்து வீட்டு மீராவும்மா. இரண்டும் அடிக்கத் தொடங்கினால் பள்ளிவாசல் பாங்குகூடக் காதில் விழாது. அந்தச் சத்தத்துக்குள் நீங்கள் இருவரும் வாயை மட்டும் அசைத்துக் கதைத்தீர்கள். அவளுடைய வாயை நீ பார்ப்பாய், உன் வாயை அவள் பார்ப்பாள். வாசலில் நிற்கிற எனக்கு உங்கள் சிரிப்பு மட்டும்தான் விளங்கும். என்னைப் பற்றித்தான் சிரித்தீர்களா? நீயாவது சொல்லியிருக்கலாம்.

நான் கடற்காரன். மழை மூட்டத்தில் ஆள் தெரியாத தூரத்தில் ஒரு தோணியிலிருந்து கூப்பிட்டாலும், கூப்பிடுவது யார், என்ன கேட்கிறான் என்று கரையில் நின்றே சொல்லிவிடுவேன். காற்றில் பாதிச் சொல் போனாலும் மீதியைக் காது தானே சேர்த்துக்கொள்ளும். அந்தக் காது உன்னிடம் தோற்றுப்போனதே, அதுதான் பொறுக்கவில்லை.

சூறாவளிக்கு அடுத்த வருஷம் உனக்குப் பாரிசவாதம் விழுந்தது. வாய் ஒரு பக்கம் கோணியது. வந்த சத்தமெல்லாம் குழம்பி வந்தது. நான் உன் வாயோடு காதை ஒட்டிவைத்துக் கேட்டேன். நீ கோபத்தில் தலையைத் திருப்பிக்கொண்டாய். கட்டிலின் கால்மாட்டில் நின்ற மீராவும்மா, கூடப்பிறந்த தங்கச்சி மாதிரி, என்னைத் தள்ளிவிட்டாள்.

"காதக் குடுத்து என்னத்துக்கு காக்கா? கண்ணக் குடுங்க. அங்கால நில்லுங்க, எனக்கு மறைக்குது."

"என்ன செல்றா?"

"தண்ணி வேணுமாம்."

"இவ்வளவு நேரம் வாய் அசைஞ்சிச்சி. தண்ணி மட்டுமா?"

"மத்ததெல்லாம் உங்களுக்கில்ல."

உன் கோணல் வாயும் சிரித்தது, அவளும் சிரித்தாள். தண்ணீர் எடுத்துவந்து தந்தவன் நான். அந்த 'மத்தது' என்ன, சுலைஹா?

அதற்குப் பிறகு எனக்கு என்ன வேலை? என் பெண்சாதி என்னோடு கதைப்பதற்கு அடுத்த வீட்டுக்காரியைக் கூப்பிட்டு வரவேண்டும். நீ எனக்கென்று சொன்னதெல்லாம் அவளுடைய குரலில்தான் எனக்குக் கிடைத்தது.

இப்போதும் அசர் தொழுதுவிட்டு அவள் வருகிறாள். எதிரே பாயைப் போட்டு இருப்பாள். தறியடித்துத் தறியடித்து அவளுக்குக் காது நல்ல மந்தம். அது தெரிந்தே நான் மதில் பக்கம் பார்த்துக்கொண்டு பதில் சொல்வேன். போன வெள்ளிக்கிழமை அவளுக்குப் பொறுக்கவில்லை.

"மதிலோடயா கதைக்கிறீங்க? இஞ்சால பார்த்துக் கதைங்க."

"என்ட வாயப் பார்க்கத்தானே வாறாய்?"

"ஓம், அதுக்குத்தான் வாறன். என்ட சுலைஹா அதுலதான் இருக்கா."

என்டயாம்! அவள் விடவில்லை.

"குமரியா இருக்கக்குள்ள அவ வாய நல்லாத் தொறந்துதான் கதைப்பா. கலியாணம் முடிச்ச பொறகு உங்களப் போலயே கீழ்ச் சொண்ட இழுத்துக் கதைக்கப் பழகிட்டா. எனக்கு ஒண்டும் வெளங்கல்ல. பொறகு நீங்க கதைக்கிற நேரமெல்லாம் உங்கட வாயப் பார்த்துப் பார்த்துத்தான் அவட கதைய நான் புதுசாப் படிச்சன். இது தெரியாதா உங்களுக்கு?"

தெரியாது. எனக்கு எப்படித் தெரியும்? அன்றைக்கு அவளுக்கு நானே தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அவள் அதிசயமாகப் பார்த்தாள்.

அவள் போனதும் கண்ணாடியை எடுத்து, முன்னால் இருந்து கதைத்துப் பார்த்தேன். "சுலைஹா, சோறு வை" என்றேன். "சுலைஹா, வலை காய்ஞ்சிட்டா பாரு" என்றேன். பல் விழுந்த ஒரு கிழவன் கீழ் உதட்டை இழுத்தான், அவ்வளவுதான். நீ வரவில்லை. நீ இருப்பது என் வாயிலாம், பார்க்கிற கண் அவளுக்காம். எரிச்சல் முன்னையைவிட இரண்டு மடங்காகிவிட்டது. பரீதா சிரிக்கிறாள். எழுது மகள், அதையும் எழுது.

ஆனாலும் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இனி மீராவும்மா வந்தால் மதிலைப் பார்க்கமாட்டேன். நேரே இருந்து ஊர்க் கதை, கடல் கதை எல்லாம் கதைப்பேன். அவளும் உன்னைப் பார்த்துவிட்டுப் போகட்டும். உனக்கென்று என்னிடம் உள்ள கதையை மட்டும் மையவாடியில் உன் தலைமாட்டில் நின்று சொல்வேன். நம் ஊரில் பெண்கள் அங்கே வருவதில்லை.

உன் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்து, இன்னும் அங்கேயே இருக்கிற
உன் மச்சான்