நான் வழி மாற்றிப் போட்ட பெட்ரோல் குழாய்

சாப்பாட்டு மேசையில், என் தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில், ஒரு முழ நீளக் கறுப்பு ரப்பர் குழாய் கிடக்கிறது. முந்தாநாள் உன் காரிலிருந்து கழற்றியது. ஒரு பக்கம் இன்னும் மிருதுவாகத்தான் இருக்கிறது. மறுபக்கம் சூட்டில் காய்ந்துபோய், நகத்தால் கீறினால் பொடியாக உதிர்கிறது. நீ போய் ஒன்றரை வருடம் ஆகிறது. உனக்குச் சொல்ல ஒரு நல்ல சேதி இப்போதுதான் கிடைத்திருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும்.

தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலையில் ஒரே வரிசையில் நின்று, பதினெட்டு வருடம் ரப்பர் கையுறைகளில் ஓட்டை தேடியவர்கள் நாம். கிள்ளானிலிருந்து தினமும் உன் காரில்தான் போவோம். நீ வாங்கும்போதே அந்த ஜப்பான் காருக்கு இருபது வயது. சிரித்தவர்களிடமெல்லாம், "இதுல கம்ப்யூட்டர் கிடையாது லா. என்ன கோளாறுன்னு பானெட்டைத் திறந்தா கண்ணுக்குத் தெரியும்" என்பாய். பிளக் மாற்றுவது, பெல்ட் மாட்டுவது எல்லாம் நாமே செய்து பழகினோம். ஒவ்வொரு தடவையும் நீ சொல்வது ஒன்றுதான்: "கழட்டுறதுக்கு முன்ன ஒரு போட்டோ எடு, மாலா."

ஒரே ஒரு தடவை நான் எடுக்கவில்லை.

அன்று உனக்கு ஓவர்டைம். எனக்கு ஷிப்ட் முடிந்துவிட்டது. காருக்கு அடியில் பெட்ரோல் சொட்டுவதைப் பார்த்து பானெட்டைத் திறந்தேன். பம்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் குழாய் வெடித்திருந்தது. பக்கத்து ஸ்பேர்பார்ட்ஸ் கடையில் புதுக் குழாய் வாங்கிவந்து, பழையதை அறுத்துப் போட்டுவிட்டு, கைக்கு எட்டிய வழியில் மாட்டினேன். எஞ்சினுக்கு மேலாக, நேராக, சுலபமாக. நீ வெளியே வந்தபோது கார் உறுமிக்கொண்டு நின்றது. "அடியே, நீ பெரிய போமன் ஆயிட்டே!" என்று கட்டிப்பிடித்தாய். போகிற வழியில் ரொட்டி சானாய் வாங்கித் தந்தாய். போமன் என்றால் கார் ரிப்பேர் செய்பவர். நம் ஊரில் அதைவிடப் பெரிய பட்டம் எனக்கு யாரும் தந்ததில்லை.

அதற்குப் பிறகுதான் உன் கார் நடுவழியில் நிற்க ஆரம்பித்தது. ஃபெடரல் ஹைவேயில் மத்தியான டிராபிக் ஜேமில் நிற்கும். அரை மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். சுங்கை வே போமனிடம் கொண்டுபோனால், அதற்குள் எஞ்சின் ஆறியிருக்கும். "நல்லா ஓடுதே அக்கா, எதைப் பார்க்கச் சொல்றீங்க?" என்பார். பம்பு மாற்றினோம், இக்னிஷன் காயில் மாற்றினோம், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினோம். குழாயை மட்டும் யாரும் பார்க்கவில்லை. அது புதுசு, நான் போட்டது.

கெந்திங் மலைக்கு இரண்டு தடவை கிளம்பினோம். இரண்டு தடவையும் பாதி ஏற்றத்தில் நின்றது. இரண்டாம் தடவை பின்னால் பஸ்கள் ஹார்ன் அடிக்க, நீ ரோட்டோரத் தடுப்பில் உட்கார்ந்து நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்தாய். "மேல போய்ச் சாப்பிடத்தான் வாங்கினேன். பரவால்ல, இங்கயும் காத்து வருது" என்றாய். உன் வீட்டுக்காரர் போனில் கத்தியது எனக்கே கேட்டது. அந்த வருடக் கடைசியில் உனக்கு உடம்புக்கு வந்துவிட்டது. மூன்றாம் தடவை போக முடியவில்லை.

போன வாரம் உன் வீட்டுக்காரர் அண்ணன் கூப்பிட்டார். "மாலா, சனிக்கிழமை பழைய இரும்பு லோரி வருது. காரைக் குடுத்துடப் போறேன். பார்க்கணும்னா வந்து பார்த்துட்டுப் போ." குரல் தட்டையாக இருந்தது. நீ போனதிலிருந்து அவர் அப்படித்தான் பேசுகிறார். சரி என்றேன்.

புதன்கிழமை உன் மகள் தர்ஷினி ஒரு படம் அனுப்பினாள். "ஆன்டி, அம்மாவோட பழைய போன்ல இருந்தது." கார் வாங்கிய அன்று எடுத்த படம். திறந்த பானெட்டின் முன்னால், கையில் எலுமிச்சம்பழத்தோடு, பல் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறாய். முதலில் உன் முகத்தைத்தான் பார்த்தேன். நெடுநேரம் கழித்துத்தான் உன் தோளுக்குப் பின்னால் பார்த்தேன். விரலால் பெரிதாக்கினேன்.

பெட்ரோல் குழாய் எஞ்சினுக்கு மேலே போகவில்லை. ஓரச் சுவரை ஒட்டி, தாழ்வாக, இரண்டு இரும்புக் கிளிப்புகளுக்குள் நுழைந்து, முன்பக்கமாக வளைந்து கார்புரேட்டருக்கு வருகிறது. நான் அதைப் புகை வெளியேறும் இரும்புக் குழாயின் தலைக்கு மேலே போட்டிருந்தேன்; எஞ்சினிலேயே அதிகமாகக் கொதிக்கிற இடம் அது. ஓடும்போது காற்று பட்டு ஓரளவு தாங்கும். ஜேமில் நின்றால், ஏற்றத்தில் திணறினால், குழாய்க்குள்ளேயே பெட்ரோல் கொதித்து ஆவியாகிவிடும். பம்பால் ஆவியைத் தள்ள முடியாது. இத்தனை வருடமும் உன் காரை நிறுத்தியது நான்தான்.

அழுதேன். பிறகு அண்ணனுக்குப் போன் போட்டேன். "லோரியைக் கொஞ்சம் நிறுத்தி வைங்கண்ணே."

"எதுக்கு?"

"ஒரு வாரக்கடைசி குடுங்க. அதுக்கப்புறம் நீங்க என்ன சொன்னாலும் சரி."

சனிக்கிழமை காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ஆரம்பித்தேன். பேட்டரி வயரைக் கழற்றிவைத்தேன். தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்தேன். எல்லாக் கோணத்திலும் போட்டோ எடுத்தேன், பதினான்கு எடுத்தேன். பானெட்டுக்குள் தலையை விட்டுப் பார்த்தால், ஓரச் சுவரில் அந்த இரண்டு கிளிப்புகளும் எதையும் பிடிக்காமல் துருப்பிடித்து அப்படியே இருந்தன. தேய்த்துச் சுத்தம் செய்தேன். பெட்ரோலுக்கென்றே உள்ள நல்ல குழாய் வாங்கி, மடங்காமல், பெல்ட்டில் உரசாமல், படத்தில் இருந்த வழியிலேயே கொண்டுபோனேன். ஃபில்டரில் அம்புக்குறி எஞ்சினைப் பார்க்கிறதா என்று மூன்று தடவை பார்த்தேன். பேட்டரி வயரை மாட்டி ஸ்டார்ட் செய்துவிட்டு ஒவ்வொரு மூட்டிலும் டிஷ்யூ பேப்பரைச் சுற்றிவைத்தேன். கால் மணி நேரம் கழித்து எடுத்தேன். ஒரு துளி ஈரம் இல்லை.

ஞாயிறு மத்தியானம், வேண்டுமென்றே கொதிக்கிற வெயிலில் கிளம்பினோம். பக்கத்தில் அண்ணன், பின்னால் தர்ஷினி. ஹைவேயில் ஜேம். நாற்பது நிமிடம் நகர்ந்து நகர்ந்து நின்றோம். அண்ணன் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டே வந்தார். நிற்கவில்லை. கெந்திங் ஏற்றத்தில் நாம் இரண்டாம் தடவை நின்ற அதே வளைவில் முன்னால் போன பஸ் நின்றுவிட்டது. எஞ்சின் தடதடவென்று காத்திருந்தது. பஸ் நகர்ந்ததும் முதல் கியரைப் போட்டு கிளட்சை விட்டேன். உன் கார், ஒரு திணறல்கூட இல்லாமல், எங்களை இழுத்துக்கொண்டு மலையேறியது!

தர்ஷினி போட்ட கூச்சலில் பக்கத்துக் கார்க்காரர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். நான் ஹார்னை அடித்துக்கொண்டே மேலே போனேன். அறுபதை நெருங்குகிற பெண் செய்கிற காரியமா அது? செய்தேன்.

உச்சியில் பனிமூட்டத்துக்குள் நிறுத்திவிட்டு அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "குழாயைத் தப்பாப் போட்டது நான்தாண்ணே. கார் மேல ஒரு குத்தமும் இல்ல." அண்ணன் டேஷ்போர்டைத் தடவினார். பிறகு, "அப்ப இத்தனை வருஷமா அவகிட்ட இந்தக் காரைத் திட்டினேனே, அதை நான் யார்கிட்டப் போய் ஒப்புக்குவேன்?" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். நீ போனபின் அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. சிரிப்பு அடங்கியதும் கையை நீட்டினார். "சாவியைக் குடு. கீழே நான் ஓட்டறேன்."

இன்று காலை லோரிக்காரருக்குப் போன் செய்து வரவேண்டாம் என்று அண்ணனே சொல்லிவிட்டார்.

இன்று தொழிற்சாலையில் என்னிடம் ஒரு மாற்றம் தெரிகிறது என்றார்கள். வரிசையில் ஒரு கோளாறு வந்து எல்லோரும் மெஷினைக் குறை சொன்னபோது, "இருங்க, நான் கடைசியா என்ன செஞ்சேன்னு முதல்ல பார்க்கிறேன்" என்றேன். முன்பெல்லாம் இப்படிச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கும். இன்று தலை நிமிர்ந்தே சொன்னேன். தப்பைத் தானே கண்டுபிடித்து, தன் கையாலேயே சரிசெய்தவளின் தைரியம் இது. உன்னால் வந்தது. இனி என்னோடுதான் இருக்கும்.